கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம்

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்தவருக்குக் காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று ஐந்து நாள் ஆன்டிபயாடிக் ஊசி. வீட்டுக்குப் போகும்போது இன்னும் ஐந்து நாளுக்கு மாத்திரை. தையல் போட்ட இடத்தில் சீழ் பிடிக்காமல் காப்பாற்றுவது இவைதான் என்று நோயாளி நம்புகிறார், கூட இருப்பவர் நம்புகிறார், பல இடங்களில் ஊசி போடுகிறவரும் அப்படித்தான் நம்புகிறார். உண்மையில் காப்பாற்றுவது வேறு ஓர் ஊசி. கத்தி தோலில் படுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போட்ட முதல் ஊசி. அது சரியாக அமைந்தால் பெரும்பாலான ஆபரேஷன்களுக்குப் பின்னால் வரும் ஊசிகள் தேவையே இல்லை. அதைக் கோட்டை விட்டால் பின்னால் எத்தனை போட்டாலும் ஈடாகாது.

இதைப் புரிந்துகொள்ள, வெட்டுவாயைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். தோலை எவ்வளவு துடைத்தாலும் கிருமியே இல்லாமல் ஆக்க முடியாது. மயிர்க்கால்களின் அடியிலும் எண்ணெய்ச் சுரப்பிகளுக்குள்ளும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைக் கிருமிகள் குடியிருக்கின்றன. ஸ்பிரிட் அந்த ஆழத்துக்குப் போகாது. கத்தி அந்தச் சுரப்பிகளை வெட்டிக்கொண்டு இறங்கும்போது அவை வெட்டுவாயில் விழுகின்றன. அதே சமயம் அறுபட்ட நுண்குழாய்களிலிருந்து கசிந்த ரத்தம் உறையத் தொடங்குகிறது. ஃபைப்ரின் இழைகள் வலை பின்னுகின்றன, கிருமி அந்த வலைக்குள் சிக்கிக்கொள்கிறது. வலை பின்னப்படும் நேரத்தில் கசிகிற நீரிலேயே மருந்து இருந்தால், கிருமியோடு மருந்தும் உள்ளே மாட்டும். அந்த நேரத்தில் ரத்தத்தில் மருந்து இல்லை என்றால், வலைக்குள் கிருமி மட்டும்தான் இருக்கும். பிறகு வரும் மருந்து, ரத்த ஓட்டம் அறுந்துபோன அந்த விளிம்புக்குள் எளிதாக நுழைய முடியாது. ரத்தக் கசிவை நிறுத்தச் சூடு வைக்கும் காட்டரியால் கருகிய திசுவும் இறுக்கிக் கட்டிய தையலும் அந்த வழியை இன்னும் அடைக்கின்றன.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் பர்க் 1961-இல் கினி பன்றிகளின் தோலில் இதைச் செய்து காட்டினார். ஸ்டெஃபைலோகாக்கஸைத் தோலுக்குள் செலுத்துவதற்கு முன்பே ஆன்டிபயாடிக் கொடுத்தபோது வீக்கம் ஏறக்குறைய வரவே இல்லை. தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறைந்தது. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்ததும் கொடுக்காததும் ஒன்றாகவே இருந்தன. மனிதர்களில் இதை எண்ணிப் பார்த்த பெரிய ஆய்வு 1992-இல், சால்ட் லேக் சிட்டியில் ஒரு மருத்துவமனையின் 2,847 நோயாளிகளை வைத்து வந்தது. கீறலுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 0.6 சதவீதம் பேருக்குத்தான் காயத்தில் தொற்று. இரண்டு மணி நேரத்துக்கும் முன்னால், சீக்கிரமே போட்டுவிட்டவர்களில் 3.8 சதவீதம். கீறி மூன்று மணி நேரத்துக்குப் பிறகு பெற்றவர்களில் 3.3 சதவீதம். தாமதம் கெடுதல் என்பது எல்லோருக்கும் புரிகிறது. சீக்கிரம் போடுவதும் அதே அளவு கெடுதல் என்பதுதான் நம் வார்டுகளில் உறைக்க மாட்டேன் என்கிறது.

காரணம், வழக்கம் அப்படி. காலை ஏழு மணிக்கு வார்டு சிஸ்டர் லிஸ்டில் இருக்கும் எல்லோருக்கும் ஊசி போட்டு, கவுன் மாற்றி, ஸ்ட்ரெச்சரில் ஏற்றி அனுப்பிவிடுவார். கேஸ் ஷீட்டில் 'ஆன்டிபயாடிக் கொடுத்தாச்சு' என்று இருக்கும், நேரம் இருக்காது. முதல் கேஸ் இழுத்துக்கொண்டு போகும். மூன்றாவது ஆளுக்குக் கத்தி வைக்கும்போது மணி பத்தேகால். இந்தத் தடுப்பு ஊசிக்குப் பொதுவாக எடுக்கும் ஆன்டிபயாடிக் செஃபசோலின். அது ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போதும். ஏழு மணிக்குப் போட்டதில் பாதிக்கு மேல் அதற்குள் சிறுநீரில் போயிருக்கும். தாளில் டிக் இருக்கிறது, திசுவில் மருந்து இல்லை. இதற்குத் தீர்வு ஒன்றுதான். இந்த ஊசி வார்டில் போடக் கூடாது. மருந்துக் குப்பி நோயாளியோடு தியேட்டருக்கு வரட்டும், அங்கே மயக்க மருத்துவர் போடட்டும். அவருக்குத்தான் கத்தி எப்போது வைக்கப்போகிறார்கள் என்று தெரியும். ஏற்கெனவே வார்டில் போட்டு நேரமாகிவிட்டது என்றால், தயங்காமல் தியேட்டரில் இன்னொரு முழு டோஸ் போட வேண்டும். நிமோனியாவுக்கோ வேறு எதற்கோ ஏற்கெனவே ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருக்கும் நோயாளிக்கும் இது பொருந்தும். அந்த மருந்தே தடுப்புக்கும் ஏற்றதாக இருந்தாலும், கீறலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஒரு டோஸ் விழும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் கீறலுக்கு முந்தைய 120 நிமிடத்துக்குள் என்கிறது, மருந்தின் ஆயுளைப் பார்த்துக்கொள்ளவும் சொல்கிறது. செஃபசோலின் மாதிரி சீக்கிரம் வெளியேறும் மருந்துக்கு 60 நிமிடம் என்று வைத்துக்கொள்வதே நல்லது. கைக்கு வரும் நல்ல நேரம், கீறலுக்கு 15 முதல் 45 நிமிடத்துக்கு முன்.

கலக்குவதில் ஆரம்பித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பிழை அங்கேயே நடக்கிறது. 1 கிராம் செஃபசோலின் குப்பியில் 10 மி.லி. ஊசிக்கான சுத்திகரித்த நீர். குலுக்கி, தூள் முழுக்கக் கரைந்து தெளியும் வரை பொறுக்க வேண்டும், வெளிர் மஞ்சள் நிறம் இயல்புதான். பெரியவர்களுக்கு 2 கிராம், அதாவது இரண்டு குப்பி. எடை 120 கிலோவோ அதற்கு மேலோ இருந்தால் 3 கிராம். குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 30 மி.கி., 2 கிராமைத் தாண்டாமல். நரம்பில் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்த வேண்டும். முடிந்ததும் 10 மி.லி. சலைன் விட்டு ட்யூபைக் கழுவ வேண்டும். நீளமான எக்ஸ்டென்ஷன் ட்யூபுக்குள் ஓரிரண்டு மி.லி. மருந்து அப்படியே தங்கிவிடும். ட்ரிப் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால் அது ஆபரேஷன் முடியும் வரை அங்கேயேதான் இருக்கும். 1 கிராம் போட்டுவிட்டு 'ஆன்டிபயாடிக் கொடுத்தாச்சு' என்று எழுதுவது இன்னொரு பழக்கம். எழுபது கிலோ ஆளுக்கு அது அரை டோஸ்.

மானிட்டர் மாட்டிய பிறகு, மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் போட்டால் நல்லது. செஃபசோலினுக்கு எப்போதாவது கடும் ஒவ்வாமை வரும். மயக்க மருந்து, தசை தளர்த்தும் மருந்து, ஆன்டிபயாடிக் எல்லாம் ஐந்து நிமிட இடைவெளியில் போய்விட்டால், பிரஷர் விழும்போது யார் குற்றவாளி என்று கண்டுபிடிக்க முடியாது. விழித்திருக்கும் நோயாளி மூச்சு இறுகுகிறது, உடம்பு அரிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வார்.

முழங்கால் மாற்று ஆபரேஷனில் இன்னொரு கண்ணி இருக்கிறது. தொடையில் டூர்னிகே கட்டிக் காற்று ஏற்றிவிட்டால் அதற்குக் கீழே ரத்தம் போகாது, மருந்தும் போகாது. மருந்து முழுதும் உள்ளே போய் முடிந்த பிறகே காற்று ஏற்ற வேண்டும். பாதி போய்க்கொண்டிருக்கும்போது ஏற்றினால், எந்த மூட்டுக்கு மருந்து தேவையோ அந்த மூட்டைத் தவிர உடம்பு முழுக்க மருந்து இருக்கும். இரும்போ பிளாஸ்டிக்கோ உள்ளே வைக்கிற ஆபரேஷனில் இந்தப் பிழையின் விலை மிகப் பெரியது. சாதாரணத் திசுவில் தொற்று பிடிக்க, ஒரு கிராமுக்கு லட்சத்துக்கு மேல் கிருமி தேவைப்படும். பட்டுத் தையல் நூல் மாதிரி ஓர் அந்நியப் பொருள் இருந்தால் நூறு போதும்.

நீண்ட ஆபரேஷனில் இரண்டாவது டோஸ். செஃபசோலினுக்கு இடைவெளி 4 மணி நேரம். அதை எண்ணத் தொடங்குவது முதல் ஊசி போட்ட நேரத்திலிருந்து, கத்தி வைத்த நேரத்திலிருந்து அல்ல. 8.40-க்குப் போட்டு 9 மணிக்குக் கீறினால், அடுத்தது 12.40. தியேட்டரில் அதிகம் மறந்துபோவது இதுதான். நாலு மணி நேரத்தில் மயக்க மருத்துவர் மாறியிருப்பார், சாப்பாட்டு வேளை வந்திருக்கும், குடலோ கல்லீரலோ திறந்து கிடக்கும். முதல் டோஸ் போட்ட கையோடு மானிட்டரில் ஒரு அலாரம் வைப்பது, அல்லது சுவரில் இருக்கும் வெள்ளைப் பலகையில் '12.40 ஆன்டிபயாடிக்' என்று பெரிதாக எழுதுவது, இரண்டில் ஒன்று போதும். ரத்த இழப்பு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் நேரம் பார்க்காமல் இன்னொரு டோஸ் போட வேண்டும். இழந்த ரத்தத்தோடு மருந்தும் போய்விட்டது, ஏற்றிய திரவம் மீதியை நீர்த்துவிட்டது. செஃபுராக்ஸிம் என்றால் 1.5 கிராம், அதற்கும் 4 மணி நேரம். ஆம்பிசிலின்-சல்பாக்டம் 3 கிராம், இரண்டே மணி நேரம். கிளிண்டமைசின் 900 மி.கி., 6 மணி நேரம். ஜென்டாமைசின் கிலோவுக்கு 5 மி.கி. ஒரே தடவை. சிறுநீரகம் பழுதான நோயாளிக்கு மறு டோஸை யோசித்துத்தான் போட வேண்டும், மருந்து அவர் உடம்பை விட்டுப் போவதே தாமதம்.

ஏன் செஃபசோலின்?

அறுபதுகளின் கடைசியில் கண்டுபிடிக்கப்பட்ட பழைய மருந்து இது. அதனாலேயே நம் பக்கம் பல இடங்களில் மதிப்பில்லை. செஃப்ட்ரையாக்சோனும் செஃபோபெராசோன்-சல்பாக்டமும் கைக்கு வருகின்றன, 'வீரியமான' மருந்து போட்ட திருப்தி கிடைக்கிறது. ஆனால் தோலைக் கீறும்போது வெட்டுவாயில் விழும் முக்கிய எதிரி ஸ்டெஃபைலோகாக்கஸ். அதை அடிப்பதில் செஃப்ட்ரையாக்சோனைவிடச் செஃபசோலின் கெட்டி. செஃப்ட்ரையாக்சோனின் கூடுதல் வீச்சு குடலில் இருக்கும் கிராம்-நெகட்டிவ் என்ற வகைக் கிருமிகள்மேல் விழுகிறது. அங்கே சாகாமல் மிஞ்சுவது எதிர்ப்புச் சக்தி பெற்றவை. உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக்குகளைப் பிரித்து வைத்திருக்கும் பட்டியலில் செஃபசோலின் முதலில் எடுத்துப் பயன்படுத்த வேண்டிய குழுவில் இருக்கிறது. செஃப்ட்ரையாக்சோன் கண்காணித்துப் பயன்படுத்த வேண்டிய குழுவில். செஃப்ட்ரையாக்சோன் போட்டே தீர வேண்டிய சூழல் வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: ரிங்கர் லாக்டேட் ஓடும் அதே லைனில் அதைக் கலக்கக் கூடாது. அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகத் திரண்டுவிடும்.

பெருங்குடல், குடல்வால் ஆபரேஷன்களில் செஃபசோலினோடு மெட்ரோனிடசோல் 500 மி.கி. சேர்க்க வேண்டும், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் குடல் கிருமிகளுக்காக. திட்டமிட்ட பெருங்குடல் ஆபரேஷனுக்கு வயிற்றைக் கழுவும் மருந்து கொடுக்கும்போது, முந்தைய நாளே வாய்வழி ஆன்டிபயாடிக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கழுவுவது மட்டும் செய்தால் தொற்று குறைவதில்லை.

மூக்கில் எம்ஆர்எஸ்ஏ, அதாவது செஃபசோலின் போன்ற மருந்துகளுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ், இருப்பது தெரிந்த நோயாளிக்கு வான்கோமைசின், கிலோவுக்கு 15 மி.கி. இதைச் செஃபசோலின் மாதிரி சிரிஞ்சில் தள்ள முடியாது. 1 கிராமைக் குறைந்தது 200 மி.லி. சலைனில் கலந்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடவிட வேண்டும். அவசரப்பட்டு ஓடவிட்டால் முகமும் கழுத்தும் மார்பும் சிவந்து அரிக்கும், பிரஷர் இறங்கும். அதனால் கீறலுக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போதே இதைத் தொடங்கலாம். ஆனால் எம்ஆர்எஸ்ஏ இல்லாதவருக்கு 'இருக்கட்டும்' என்று வான்கோமைசின் மட்டும் போடுவது தவறு. சாதாரண ஸ்டெஃபைலோகாக்கஸை அது செஃபசோலின் அளவுக்கு அடிக்காது. இரண்டுக்கும் பயம் என்றால் இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும்.

பென்சிலின் அலர்ஜி என்று கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் எழுதியிருந்தால், பெரும்பாலானோர் செஃபசோலினைக் கைவிட்டுக் கிளிண்டமைசினுக்கோ வான்கோமைசினுக்கோ போய்விடுகிறார்கள். அந்த மாற்றமே நோயாளிக்குக் கெடுதல். பென்சிலின் அலர்ஜி என்று பதிவானவர்களுக்கு ஆபரேஷன் காயத்தில் தொற்று வரும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு என்று 2018-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அதற்குக் காரணம் அலர்ஜி இல்லை, அலர்ஜிக்குப் பயந்து கொடுத்த மாற்று மருந்து. செஃபசோலினின் பக்கச் சங்கிலி பென்சிலின்களோடு ஒத்துப்போகாத தனி அமைப்பு. ஒன்றுக்கு அலர்ஜி என்றால் மற்றதற்கும் வருவது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. நோயாளியிடம் உட்கார்ந்து இரண்டு நிமிடம் பேசினால் போதும். என்ன ஆனது, ஊசி போட்டு எத்தனை நிமிடத்தில், மூச்சுத் திணறியதா, மயங்கினீர்களா, தோல் உரிந்ததா? சின்ன வயதில் மாத்திரை சாப்பிட்டு வாந்தி வந்தது என்பார்கள். அது அலர்ஜி இல்லை. தோல் கொப்புளித்து உரிந்தது, வாய் கண் எல்லாம் புண்ணானது என்றால் மட்டும் பென்சிலின், செஃபசோலின் குடும்ப மருந்து எதையும் தொடக் கூடாது.

இங்கே டெஸ்ட் டோஸ் பற்றி ஒரு வார்த்தை. முன்கையில் 0.1 மி.லி. போட்டு, பேனாவால் வட்டம் வரைந்து, அரை மணி நேரம் பார்ப்பது நம் ஊரில் சடங்காகவே ஆகிவிட்டது. அலர்ஜி வரலாறே இல்லாதவருக்கு இது எதையும் நிரூபிப்பதில்லை. வட்டத்துக்குள் தடிக்காதவருக்கும் முழு டோஸில் ஒவ்வாமை வரலாம், வெறும் குத்தலுக்குச் சிவந்தவருக்கு நல்ல மருந்து கிடைக்காமல் போகலாம். அட்ரினலின் ஆம்பூல் தட்டில் தயாராக இருப்பது அந்த வட்டத்தைவிட ஆயிரம் மடங்கு பாதுகாப்பு.

எல்லா ஆபரேஷனுக்கும் ஊசி தேவை என்றும் இல்லை. தைராய்டு மாதிரி சுத்தமான, உள்ளே எதுவும் வைக்காத ஆபரேஷனுக்குப் பொதுவாகத் தேவையில்லை. சிக்கலில்லாத பித்தப்பையை லேப்ராஸ்கோப்பியில் எடுப்பதற்கும், ஆபத்துக் காரணிகள் இல்லாதவருக்கு, விட்டுவிடலாம். வலை வைக்கும் குடலிறக்கம், மூட்டு மாற்று, இதயம், குடல், கருப்பை எடுப்பது, சிசேரியன், இவற்றுக்குக் கட்டாயம்.

சிசேரியனில் ஒரு தலைமுறைப் பழக்கம் மாற வேண்டியிருந்தது. குழந்தையை எடுத்துத் தொப்புள்கொடியைக் கட்டிய பிறகே ஆன்டிபயாடிக் போடுவார்கள். மருந்து குழந்தைக்குப் போய்விடும், அதன் ரத்தத்தில் தொற்று இருந்தாலும் மறைத்துவிடும் என்ற பயம். ஆய்வுகளில் குழந்தைக்கு அப்படி ஒரு தீங்கும் தென்படவில்லை. தாய்க்குக் கருப்பைத் தொற்றும் காயத் தொற்றும் தெளிவாகக் குறைந்தன. இப்போதைய வழிகாட்டுதல் எல்லாமே கீறலுக்கு முன்பே போடச் சொல்கிறது. இதில் ஒரு விதிவிலக்கை மறக்கக் கூடாது: குழந்தையை எடுப்பதற்கு முன் கோ-அமாக்ஸிக்ளாவ் என்ற ஆன்டிபயாடிக் வேண்டாம், பச்சிளம் குழந்தையின் குடல் அழுகும் நோயோடு அதற்குத் தொடர்பு உண்டு. வலி தொடங்கியோ பனிக்குடம் உடைந்தோ சிசேரியனுக்கு வருபவருக்கு, வழக்கமான மருந்தோடு அசித்ரோமைசின் 500 மி.கி. ஒரு மணி நேர ட்ரிப்பாகச் சேர்த்தபோது தொற்று 12 சதவீதத்திலிருந்து 6.1 சதவீதமாகக் குறைந்தது. 2016-இல், இரண்டாயிரத்துச் சொச்சம் தாய்மார்களிடம் கண்ட முடிவு இது. உடைந்த பனிக்குடத்தின் வழியே ஏறிவரும் யூரியாபிளாஸ்மா மாதிரியான கிருமிகளைச் செஃபசோலின் தொடாது, அசித்ரோமைசின் தொடும்.

கண்ணில் கதையே தனி. ரத்தத்தின் வழியே போகும் மருந்து கண்ணுக்குள் போதிய அளவு சேராது. அதனால் கண்புரை ஆபரேஷன் முடியும் நேரத்தில் கண்ணின் முன்னறைக்குள்ளேயே மருந்தைச் செலுத்துகிறார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுமம் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்புரை ஆபரேஷன்களை எண்ணி 2017-இல் வெளியிட்டது. மாக்ஸிஃப்ளாக்சசினை அப்படிச் செலுத்தத் தொடங்கிய பிறகு கண்ணுக்குள் சீழ் பிடிப்பது 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாக இறங்கியது. உலகம் முழுக்கக் கண் மருத்துவர்கள் எடுத்துக்காட்டும் எண்கள் இவை, நம் மண்ணிலிருந்து போனவை. அதே கவனம் வயிற்றையும் மூட்டையும் கீறும் தியேட்டர்களுக்கும் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

எப்போது நிறுத்துவது?

தையல் போட்டு முடித்ததும். இதைச் சொன்னால் உடனே வரும் பதில், 'அதெல்லாம் வெளிநாட்டு தியேட்டருக்கு, நம்ம ஊர் நிலைமை வேற' என்பது. அந்தப் பயத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. தூசி, கூட்டம், கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் பழைய ஆட்டோகிளேவ், எல்லாம் உண்மை. ஆனால் அவை காயத்துக்குள் கிருமியை விடுவது தையல் போடும் வரைதான். சுத்தமாகச் சேர்த்துத் தைத்த காயம் ஓரிரு நாளில் தன்னைத்தானே மூடிக்கொள்கிறது. மூன்றாம் நாள் ஊசிக்கு அங்கே தடுக்க எதுவும் இல்லை. ஆட்டோகிளேவ் சரியில்லை என்றால் ஆட்டோகிளேவைத்தான் சரிசெய்ய வேண்டும். துணியில் சுற்றிய பொருள்களுக்கு 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 30 நிமிடம். பொட்டலத்தின்மேல் ஒட்டிய டேப் கறுத்துவிட்டால் உள்ளே கிருமி செத்தது என்று அர்த்தம் இல்லை, சூடு பட்டது என்று மட்டும்தான் அர்த்தம். உள்ளே வைக்கும் கெமிக்கல் இண்டிகேட்டரும், குறித்த நாள்களில், எளிதில் சாகாத கிருமி விதைகளை உள்ளே வைத்து அவை செத்தனவா என்று பார்க்கும் ஸ்போர் பரிசோதனையும் வேண்டும். காயத்தில் சேரும் நீரை வெளியேற்றும் டிரெயின் ட்யூப் இருக்கிறது, அதை எடுக்கும் வரை ஊசி தொடரட்டும் என்பதும் பலன் தராது. அமெரிக்காவின் 2017 வழிகாட்டுதல், டிரெயின் இருந்தாலும் காயம் மூடிய பின் வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. இதய ஆபரேஷனில் மட்டும் சில குழுக்கள் 24 மணி நேரம் வரை தொடர்வதுண்டு.

நீட்டித்தால் நன்மை இல்லை என்பதோடு முடியவில்லை. ஆபரேஷன் செய்துகொண்ட 79,058 அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரைப் பார்த்த 2019 ஆய்வில், நாள் கூடக் கூடக் காயத் தொற்று குறையவில்லை. சிறுநீரகப் பாதிப்பும், க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமியால் வரும் கொடிய வயிற்றுப்போக்கும் கூடின. ஐந்து நாள் ஊசி வாங்கியவரின் குடலில் எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமி தங்கிவிடுகிறது. பிறகு அவருக்கே ஒரு சிறுநீர்த் தொற்று வந்தால் மாத்திரை கேட்காது.

இதில் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. குடல்வால் உடைந்து வயிறு முழுக்கச் சீழாக இருந்தால் அங்கே கொடுப்பது தடுப்பு மருந்து இல்லை, சிகிச்சை. அதற்கு நாள் கணக்கு உண்டு. சீழை முழுக்க வெளியேற்றிய பிறகு நான்கு நாள் போதும் என்று 2015-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. உடையாத குடல்வாலுக்கு, கீறலுக்கு முன் போட்ட ஒரே டோஸோடு சரி. கேஸ் ஷீட்டில் 'தடுப்பு' என்றோ 'சிகிச்சை' என்றோ ஒரு வார்த்தை எழுதிவிட்டாலே, மறுநாள் ரவுண்ட்ஸில் நிறுத்துவது எளிதாகிவிடும். அந்த ஒரு வார்த்தை இல்லாததால்தான் மருந்து தானாக ஓடிக்கொண்டே இருக்கிறது. தையலின்மேல் ஆன்டிபயாடிக் பொடி தூவுவதும் களிம்பு பூசுவதும்கூடத் தேவையில்லை.

ஊசி மட்டும் எல்லாவற்றையும் தாங்காது. முந்தின நாள் ராத்திரி பிளேடால் மழிப்பது இன்றும் நடக்கிறது. மழித்த தோலைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் மயிரிழைபோல நூற்றுக்கணக்கான கீறல்கள், ஒவ்வொன்றிலும் விடியும் வரை கிருமி பெருகும். கனடாவின் கால்கரி நகரில் பத்தாண்டுகளில் 62,939 காயங்களைத் தொடர்ந்து கவனித்தபோது, மழித்தவர்களில் 2.5 சதவீதம் பேருக்குத் தொற்று, முடியைத் தொடாமல் விட்டவர்களில் 0.9 சதவீதம். எடுத்தே ஆக வேண்டும் என்றால் கிளிப்பர், அதுவும் ஆபரேஷனுக்குச் சற்று முன். தோலைத் துடைக்கக் குளோர்ஹெக்சிடின் கலந்த ஸ்பிரிட், மூன்று நிமிடம் காய விட வேண்டும். ஈரத்தோடு காட்டரி வைத்தால் தீப்பிடிக்கும். ரத்தச் சர்க்கரை 200-க்குக் கீழே இருக்க வேண்டும். உடம்புச் சூடு குறையாமல் போர்த்தி வைப்பது பலருக்கு அற்பமாகத் தெரியும். குடல் ஆபரேஷன் நோயாளிகளைச் சூடாக வைத்தபோது தொற்று 6 சதவீதம், குளிர விட்டபோது 19 சதவீதம் என்று 1996-இலேயே வந்துவிட்டது. குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், அப்போது ஆன்டிபயாடிக்கும் வெட்டுவாய்க்குப் போய்ச் சேராது.

இத்தனைக்குப் பிறகும் சிலருக்குத் தொற்று வரும். முதல் இரண்டு நாள் காய்ச்சல் பெரும்பாலும் காயத்தால் இல்லை. விதிவிலக்கு, முதல் நாளிலேயே தாங்க முடியாத வலி, நிறம் மாறிய தோல், நாற்றமுள்ள நீர். அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அல்லது க்ளாஸ்ட்ரிடியம், மணிக்கணக்கில் உயிரை எடுக்கும், உடனே தியேட்டருக்குத் திரும்ப வேண்டும். மற்றபடி தொற்று தலைகாட்டுவது ஏறத்தாழ ஐந்தாம் நாளிலிருந்து. உள்ளே ஏதாவது வைத்திருந்தால் 90 நாள் வரைகூட வரலாம். அப்போது வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைப் போட்டுப் பார்க்க வேண்டாம். ஆபரேஷன் செய்தவரிடமே திரும்பி வாருங்கள். தையல் இரண்டைப் பிரித்துச் சீழை வெளியே விடுவதுதான் மருந்து, பலருக்கு அதுவே போதும். சிவப்பு காயத்தின் விளிம்பிலிருந்து 5 செ.மீ.க்கு மேல் பரவினாலோ, காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, நாடி 110-க்கு மேல் போனாலோ ஆன்டிபயாடிக்கும் சேர வேண்டும். அதன் முதல் டோஸ் போடுவதற்கு முன்னால், காயத்தைச் சலைனில் கழுவி, அடியிலிருந்து எடுத்த சீழைச் சிரிஞ்சில் இழுத்து, எந்தக் கிருமி என்று லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பிவிடுங்கள். மேலே வழியும் சீழைப் பஞ்சுக் குச்சியால் தொட்டு அனுப்பினால், லேபில் வளர்வது தோலின் கிருமியாக இருக்கும்.